ஒத்தக்கடையில் ஒற்றை விசில்

அத்தியாயம் 4

12.9.2002, வியாழன். காலை 9.10.
இன்றைய தவறு: குடை. நேற்று ஒத்தக்கடை முதியோர் இல்லத்தில், மூன்றாம் எண் அறையின் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு மறந்து வந்துவிட்டேன். வேறு தவறும் செய்திருக்கிறேனோ என்று சந்தேகம். எது என்று தெரியாததால் எழுத முடியவில்லை.

நாகஜோதி பேனாவை மூடினாள். மாலை நேரச் சுருக்கெழுத்து வகுப்பில் சேர்ந்த அன்றே ஆசிரியர் போட்ட கட்டளை அது. தினம் ஒரு பக்கம் எழுத வேண்டும், முதல் வரி அன்றைய தவறாக இருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் ஒரே வாரத்தில் தவறுகள் தீர்ந்துபோய் நிறுத்திவிட்டார்கள். நாகஜோதிக்கு மட்டும் எட்டு மாதமாகச் சரக்குக் குறையவே இல்லை.

‘ஜோதி விசாரணை நிலையம்’ என்பது மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்த சின்ன அறை. அதில் ஒரு மேஜை, ஒரு போன், இரண்டு நாற்காலி, ஒரு பால்பாண்டி. பால்பாண்டிக்கு ஐம்பத்து நாலு வயது. இருபது வருஷம் ரேடியோ செட் வாடகைக்கு விட்டவர், இப்போது நாகஜோதிக்கு உதவியாள். ஒலிபெருக்கிக்கு மேலே கத்திப் பேசியே பழகிவிட்டதால், அவர் காதோடு ரகசியம் சொன்னாலும் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் பதில் சொல்லுவார்.

கையில் இருந்த வழக்கில் பிணம் இல்லை, கொள்ளை இல்லை. வில்லாபுரம் பத்மாசினி போன வாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மாடியேறி வந்து ஒப்படைத்த வழக்கு அது. வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வெளியே மதுரைத் தமிழும் பேசுகிற குடும்பம். அவள் அப்பா ஜனகராஜுக்கு எழுபத்தொன்பது வயது. பக்கவாதம் வந்ததில் வலது கை கால் போயிற்று, கூடவே தமிழும் போய்விட்டது. வீட்டுப் பாஷை மட்டும்தான் மிச்சம். பத்மாசினிக்கு மெட்ராஸில் முதுகெலும்பு ஆபரேஷன். மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர் கூடத் தூக்கக்கூடாது, அப்பாவை எப்படித் தூக்குவது?

“ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஹோம்ல பத்து நாள் விட்டேன்,” என்று சொல்லியிருந்தாள். “நானே போய்ப் பாத்துத்தான் விட்டேன். தரையெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. திரும்பக் கூட்டிட்டு வந்தப்போ இடுப்புல உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. ‘பாணி, பாணி’ன்னு தண்ணி கேட்டிருக்காரு. ஏதோ உளர்றாருன்னு விட்டுட்டாங்க. என் கண்ணு என்னை ஒரு தடவை ஏமாத்திருச்சு. இந்தத் தடவை வேற ஒருத்தர் கண்ணால பாக்கணும்.”

அந்த வேறொரு கண்ணுக்குத்தான் நேற்று ஒத்தக்கடையில் வேலை. பார்த்தாகிவிட்டது. ‘வேண்டாம்’ என்று மாலையே போனில் சொல்லியும் ஆகிவிட்டது.

போன் மணியடித்தது. பத்மாசினிதான்.

“ஜோதி, நேத்துல இருந்து யோசிச்சேன். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொல்லணும். ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடப் போறேன்.”

“அம்மா, உங்க முதுகு?”

“வலிச்சா எனக்குத்தானே வலிக்கும். நீங்க நல்லாப் பாத்துச் சொன்னீங்க, அதுக்கே புண்ணியம்.”

போனை வைத்த பிறகும் நாகஜோதியின் கை அதன் மேலேயே இருந்தது.

“என்ன தங்கச்சி, சிக்கிக்கிட்ட கேசட்டு மாதிரி மூஞ்சி இழுக்குது?” என்றார் பால்பாண்டி.

“நான் நல்லாப் பாத்தேனாண்ணே?”

“நீ பாக்காம என்ன? ஒம்போது பேருகிட்டக் கேட்டு நோட்டு நெறைய எழுதுன. எனக்குத்தான் நின்னு நின்னு கால் வீங்கிப் போச்சு.”

அவள் வழக்கு நோட்டைப் புரட்டிப் படித்தாள். “கஞ்சி வெறும் தண்ணி, ஒன்பது பேர். தலையணை கிழிந்து மூன்று மாதம், ஒன்பது பேர். கூப்பிட்டால் யாரும் வருவதில்லை, ஒன்பது பேர். நாம் நுழையும்போது குக்கர் ஒரு விசில், அதோடு சரி. ஆகவே சோறு வேகாமல் இறக்குகிறார்கள்.”

“ஒம்போது பேரும் அதே மூணு கொறையவா சொன்னாக?”

“ஆமாண்ணே. அதனாலதான் உறுதியாச் சொன்னேன்.”

“எங்க வீட்டுல நாலு உருப்படி. ஒரு சாம்பாருக்கு நாலு கொறை வரும். புளி கூடன்னு ஒருத்தன், புளியே இல்லைன்னு ஒருத்தி. ஒம்போது கெழடுக ஒரே பாட்டை ஒரே சுதியில பாடுதுன்னா, தங்கச்சி, அது பாட்டு இல்ல. ரெக்கார்டு.”

நாகஜோதி நிமிர்ந்து பார்த்தாள். பால்பாண்டி வேடிக்கைக்குச் சொன்னதா, விஷயமாகச் சொன்னதா என்று அவருக்கே தெரிந்திருக்காது. அவள் எழுந்தாள்.

“குடைய எடுத்துட்டு வந்துருவோம்.”

“குடைக்கா? பத்து வருஷக் குடை. ஒரு கம்பி பிரிஞ்சு கோழி றெக்கை மாதிரி தொங்கும்.”

“குடைக்குத்தான்,” என்றாள் நாகஜோதி. வேறு காரணத்தைச் சொல்ல அவளுக்கே தைரியம் வரவில்லை.

பால்பாண்டியின் டி.வி.எஸ். ஐம்பது மேலூர் ரோட்டில் கிளம்பியது. யானைமலை ஒரு பக்கமாகக் கூடவே வந்தது. ஒத்தக்கடை தாண்டி, பாதி கட்டிய வீடுகளுக்கு நடுவில் ஒரு மண்பாதை. அதன் முடிவில் ‘அந்திநிழல் முதியோர் இல்லம்’. இருபது கட்டில், பதினாலு பேர்.

அவர்கள் கேட்டைத் தள்ளியதும் உள்ளே எங்கேயோ ஒரு விசில் கேட்டது. ஒரே ஒரு விசில்.

“நம்மளப் பாத்தாலே குக்கருக்குச் சந்தோசம்,” என்றார் பால்பாண்டி.

நாகஜோதி கைக்கடிகாரம் பார்த்து எழுதிக்கொண்டாள். 10.50, விசில் ஒன்று.

வார்டன் சுந்தரம்மாள் பையும் கையுமாக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். மருந்துச் சீட்டை இடுப்பில் செருகியபடி ஆதங்கத்தோடு நின்றாள். “குடைதானே? அங்கனதான் தொங்குது, எடுத்துக்கங்க. ஏம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லுங்க. நாலு மாசத்துல அஞ்சு குடும்பம் வந்து பாத்துட்டுப் போச்சு. வரும்போது சிரிச்சுக்கிட்டு வாராக. போகும்போது என் மூஞ்சியப் பாக்காமப் போறாக. அப்படி என்னதாம்மா கொறை?”

நாகஜோதி எதையோ முணுமுணுத்தாள். சுந்தரம்மாள் பெருமூச்சு விட்டபடி மருந்துக் கடைக்குப் போனாள்.

மூன்றாம் எண் அறையில் அழகம்மாள் இருந்தாள். செக்கானூரணிப் பக்கத்துக்காரி. எழுபத்து நாலு வயது, சோடாப்புட்டிக் கண்ணாடி. இவர்களைப் பார்த்ததும் காலை மடக்கி, முகத்தைத் தொங்கப்போட்டு, நேற்றைய நிலைக்கு வந்துவிட்டாள்.

“வா தாயி. இன்னும் உசுரோட இருக்கேனான்னு பாக்க வந்தியா?”

“குடைய எடுக்க வந்தேன் பெரியம்மா.”

ஜன்னல் கம்பியில் குடை அப்படியே தொங்கியது. நாகஜோதி அதை எடுத்து, பழக்கத்தில் விரித்தாள். விரித்த கையோடு நின்றுவிட்டாள்.

நாலு மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்த கம்பி தொங்கவில்லை. அதன் நுனி துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. கரும்பச்சை நூல், நெருக்கமான ஏழு தையல், கடைசியில் ஒரு முடிச்சு.

பால்பாண்டி குனிந்து பார்த்தார். “நேத்துக் கால் ஒடிஞ்சு கெடந்தது, இன்னைக்குக் கட்டுப் போட்டு எந்திரிச்சு நிக்குது. இது முதியோர் இல்லமா, எலும்பு ஆஸ்பத்திரியா?”

“யாரு தச்சது பெரியம்மா?”

“எனக்கென்ன தெரியும்? காத்துல தானாத் தச்சுக்கிருச்சோ என்னமோ.”

“நேத்து நீங்கதானே சொன்னீங்க, இங்க ஒரு பித்தான் பிஞ்சாக்கூடத் தைக்க நாதி இல்லைன்னு?”

“இன்னைக்கும் அதேதான் சொல்றேன்.” அழகம்மாள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே பளபளவென்று இருந்தது.

நாகஜோதி நோட்டைத் திறந்து பார்த்தாள். நேற்று காதால் கேட்டதை மட்டுமே எழுதியிருந்தாள். பார்த்ததில் ஒன்றுகூட நோட்டில் இல்லை. ‘சரி, நேற்று ஒருத்தரும் எதுவுமே பேசவில்லை என்று வைத்துக்கொள். இப்போது பார்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் தலையணை. மூன்று மாதமாகக் கிழிந்திருக்கிறது என்று சொல்லப்பட்ட தலையணையைக் கையில் எடுத்தாள். கிழிசல் ஒரு சாண் நீளம். ஆனால் ஓரத்தில் நூல் எதுவும் தொங்கவில்லை. கிழிந்த துணியில் நூல் தொங்கும். பிளேடால் வெட்டிய துணியில்தான் ஓரம் இப்படி நேராக இருக்கும். அதுவும் போக, மூன்று மாதம் திறந்து கிடக்கிற தலையணையில் பாதி இலவம்பஞ்சாவது வெளியே பறந்து போயிருக்க வேண்டும். இது திருவிழா ஆட்டுக்கிடா போல வயிறு புடைத்திருந்தது.

“அதத் தொடாத தாயி, தூசி!” அழகம்மாள் தடுப்பதற்காகக் கையைத் தூக்கினாள்.

அந்தத் தூக்கிய கைக்குக் கீழேதான் நாகஜோதியின் பார்வை போய் நின்றது. அழகம்மாளின் பழுப்பு ரவிக்கை வெளுத்துப் போன ரவிக்கை. ஆனால் அக்குளிலிருந்து இடுப்பு வரை, அரை விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் கடைத்துணி போல அடர்ந்த நிறத்தில் இருந்தது. பட்டையின் ஓரத்தில் பழைய ஊசித் துளைகள் எறும்பு வரிசையாகப் போயின. அவற்றுக்கு அப்பால் புதுத் தையல். அதுவும் கரும்பச்சை நூல்.

நாகஜோதியின் அம்மா ஊரில் ரவிக்கை தைப்பவள். உள்ளே தாராளமாகத் துணி விட்டு, மூன்று வரிசை தையல் போடுவாள். சதை போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துக்கொள்ளலாம். உள்ளே மடங்கியிருந்து வெயில் படாத துணி அப்போதுதான் வெளியே வரும், பளிச்சென்று.

“பெரியம்மா, இந்த ரவிக்கையில ஒரு வரிசை பிரிச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும்.”

“அதுக்கு?”

“வெறும் தண்ணிக் கஞ்சி குடிச்சா ஒரு வரிசை சதை போடுமா?”

அழகம்மாள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். “அது... நீரு. நீர் கோத்துக்கிருச்சு.”

“நாலு சொம்பு கஞ்சிய நேராக் கையில ஊத்துனாலும் இம்புட்டு நீர் கோக்காது ஆத்தா,” என்றார் பால்பாண்டி.

நாகஜோதி கேட்காமலே தலையணைக்கு அடியில் கையை விட்டாள். ஒரு பாதி சோப்புத்துண்டு அகப்பட்டது. அதில் ஏழு ஊசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. ஏழிலும் கரும்பச்சை நூல் கோத்திருந்தது.

அவள் ஊசிகளைப் பார்த்தாள். அழகம்மாளின் கண்ணாடியைப் பார்த்தாள். இந்தக் கண்ணால் தைக்க முடியும், கை பழகியிருந்தால் போதும். ஊசியில் நூல் கோக்க மட்டும் முடியாது. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழெட்டு ஊசியில் நூல் கோத்து, சோப்பில் குத்தி வைத்துவிட்டுப் போகிறார். கூப்பிட்டாலும் யாரும் வராத இல்லத்தில்.

“யாரு கோத்துக் குடுக்குறது?”

அழகம்மாள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். “எனக்குத் தலை வலிக்குது. பெறகு வா.”

நாகஜோதி தாழ்வாரத்துக்கு வந்தாள். “அண்ணே, சமையல்கட்டுக்குப் போயி அந்தக் குக்கரப் பாத்துட்டு வாங்க. சத்தம் போடாம.”

பால்பாண்டி போனார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு கையிலும் இரண்டு உளுந்த வடையோடு வந்தார். வாயில் இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை.

“குக்கரே இல்ல தங்கச்சி! தவசின்னு ஒரு சமையக்காரரு. குண்டான்ல பொங்கி வடிக்கிறாரு. குக்கர் சோறு நெஞ்சக் கரிக்கிதுன்னு இங்க யாரும் தொடமாட்டாகளாம். சோறு பூ மாதிரி இருக்கு. வடையப் பத்தி நான் சொல்லணுமா?”

“குக்கர் இல்லைன்னா அந்த விசில்?”

நாகஜோதி நோட்டைப் புரட்டினாள். நேற்று காலை 10.42, உள்ளே வரும்போது விசில் ஒன்று. நேற்று 11.50, கேட்டைச் சாத்தும்போது விசில் இரண்டு. இன்று 10.50, விசில் ஒன்று. நேற்றைய இரண்டு விசிலை ‘யாருக்கோ தனியாக நல்ல சோறு வேகிறது’ என்று வேறு எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். அந்த வரியை அடித்தாள்.

“அண்ணே, ஒரு விசில்னா என்ன?”

“என்ன கேள்வி? ஸ்டாப்பிங்.”

“ரெண்டு விசில்?”

“ரைட், போலாம்...” என்ற பால்பாண்டியின் கை வடையோடு பாதி வழியில் நின்றது.

“வாங்க,” என்றாள் நாகஜோதி. “கெளம்புற மாதிரி கெளம்புவோம்.”

குடையை விரித்துப் பிடித்து, எல்லாரும் பார்க்கும்படி நடந்து, கேட்டைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறினார்கள். வண்டி உறுமியது. உள்ளே விசில் கேட்டது. இரண்டு.

“ரைட்!” என்றார் பால்பாண்டி.

முதல் திருப்பத்திலேயே வண்டியை அணைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, காலி மனை வழியாக இல்லத்தின் பின்பக்கம் வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி அருகே சுற்றுச்சுவர் தோளுயரம்தான். பால்பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாகஜோதி அவர் கையிலிருந்த வடையைப் பிடுங்கி அவர் வாயிலேயே வைத்து அடைத்தாள். அவரை மௌனமாக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

சுவருக்கு மேலே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தார்கள்.

உள்ளே இல்லம் வேஷம் கலைத்துக்கொண்டிருந்தது. கட்டில்களுக்கு அடியிலிருந்து வெள்ளை உறை போட்ட தலையணைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கிழிசல் தலையணைகளை ஒரு தாத்தா சேகரித்துப் பெட்டியில் அடுக்கினார். அடுத்த முறைக்கு. நேற்று ‘எந்திரிக்கவே தெம்பில்லை’ என்று நாகஜோதியின் கையைப் பிடித்து அழுத ஒரு கிழவர் கேரம் போர்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். அழகம்மாள் கொண்டை முடிந்துகொண்டே வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

தாழ்வாரத்தில் கடைசிக் கட்டிலில், கை கால் வராத ஒரு பெரியவரை ஒரு பெண் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையை அவர் இடுப்புக்கு அடியில் கொடுத்து, ஒரே வீச்சில், ஆனால் குழந்தையைத் தொட்டிலில் மாற்றிப் போடுவது போலத் திருப்பினாள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டாள்.

“பாண்டியம்மா, மணி பதினொண்ணு அம்பது,” என்று ஒரு குரல் கேட்டது. “ரெண்டு நிமிசம் லேட்டு.”

“இவுக வந்து நின்னா நான் எப்படிப் புரட்டுறது? நீங்க பண்ற கூத்துக்கு நான்ல முழிக்கிறேன் அண்ணே,” என்றாள் அந்தப் பெண். “அடுத்து ஒண்ணு அம்பதுக்குச் சொல்லுங்க.”

குரலுக்குச் சொந்தக்காரர் வாசலைப் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் விசில். சீட்டாடிக்கொண்டிருந்தார். சீட்டுகளை மற்றவர்களைப் போல விசிறியாகப் பிடிக்காமல், நீளவாக்கில் மடித்து, இடது கை விரல் இடுக்குகளில் செருகியிருந்தார்.

பால்பாண்டி வடையை விழுங்கி முடித்துவிட்டார். “தங்கச்சி,” என்று ரகசியமாகச் சொன்னார், “அந்தாளு கண்டக்டரு!”

தாழ்வாரத்தில் பதினாலு தலைகளும் ஒன்றாகத் திரும்பின. கேரம் காய் ஒன்று மட்டும் சறுக்கிப் போய்க் குழியில் விழுந்தது.

நாகஜோதி பின்கதவு வழியாக உள்ளே போனாள். யாரும் நகரவில்லை. கண்டக்டர் மட்டும் விசிலை வாய்க்குக் கொண்டுபோய், பிரயோஜனம் இல்லை என்று இறக்கினார்.

“பேரு வெள்ளைத்துரை. டவுன் பஸ்ஸுல முப்பத்தோரு வருசம்,” என்றார், தானாகவே. “ரிட்டயரு.”

“எத்தனை குடும்பத்தை இப்படித் திருப்பி அனுப்புனீங்க ஐயா?”

“உங்களோட ஆறு. வண்டி நெறஞ்சா, கை காட்டுனாலும் நிக்காமப் போயிருவோம்ல, அந்த மாதிரி.”

“எதுக்கு?”

வெள்ளைத்துரை பாண்டியம்மாளைக் கை காட்டினார். “பதினாலு பேரு. ரெண்டு கை. அந்தக் கட்டிலுக்காரருக்கு ரெண்டு மணிக்கு ஒருக்க. அழகம்மாளுக்கு ஊசியில நூலு. எனக்குச் சக்கரை மாத்திரை. எல்லாம் கரெக்ட் டயத்துக்கு நடக்குது. வார்டனம்மா இன்னும் ஆறு கட்டிலுக்கு ஆள் சேக்கப் போறேன்னு நிக்கிது. கை மட்டும் அதே ரெண்டு. அப்ப என்ன ஆகும்?”

“ஓவர்லோடு,” என்றார் பால்பாண்டி.

“அம்புட்டுத்தான். வண்டி சாஞ்சுரும்.”

“குடைய மட்டும் ஏன் தச்சீங்க?” என்று நாகஜோதி அழகம்மாளைக் கேட்டாள்.

“பிரிஞ்சதக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது தாயி,” என்றாள் அழகம்மாள். வெள்ளைத்துரையின் முறைப்புக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இந்த மனுசன் அப்பவே சொன்னாரு, தொடாதேன்னு.”

நாகஜோதி கடைசிக் கட்டிலுக்குப் போனாள். பாண்டியம்மாளிடம் கேட்டு, அந்தப் பெரியவரின் முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பார்த்தாள். எங்கேயும் ஒரு சிவப்புக்கூட இல்லை. எட்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறவர் என்றாள் பாண்டியம்மாள். நாகஜோதி அதை எழுதினாள். அந்தப் பக்கத்தில் பார்த்து எழுதிய வரிகள் மட்டுமே இருந்தன.

பிறகு அவள் பத்மாசினியைப் பற்றிச் சொன்னாள். ஐந்து மணியைப் பற்றி, முதுகைப் பற்றி, உள்ளங்கை அகலப் புண்ணைப் பற்றி. யாருக்கும் புரியாமல் தண்ணீர் கேட்டுக் கிடந்த மனிதரைப் பற்றி.

“நீங்க நேத்து நடிச்சதும் தப்பு. நான் நம்புனது அதவிடத் தப்பு,” என்று முடித்தாள்.

வெள்ளைத்துரை சீட்டுகளை விரல் இடுக்கிலிருந்து உருவி, நீவி, கட்டாக்கினார்.

“அடப்பாவிகளா!”

வாசலில் மருந்துப் பையோடு சுந்தரம்மாள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த வரவுக்கு விசில் அடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. “அஞ்சு குடும்பம்! மஞ்சப் பொடியில கொறையா, மருந்துல கொறையான்னு நான் மண்டைய ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன். அந்த விசில இங்க குடுங்க.”

“ஆளு போடு, தாரேன்,” என்றார் வெள்ளைத்துரை.

சுந்தரம்மாள் நாகஜோதியைப் பார்த்தாள், நியாயம் கேட்பது போல.

“நான் எழுதப்போற ரிப்போர்ட்டுல பராமரிப்பு நல்லா இருக்குன்னு எழுதுவேன்மா,” என்றாள் நாகஜோதி. வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள். “பாண்டியம்மா மாதிரி இன்னொரு ஆள் வராம ஒரு கட்டில்கூட நெறையக்கூடாதுன்னும் எழுதுவேன். ரெண்டும் உண்மை. ஒண்ண மட்டும் எழுதினா மறுபடி தப்பாயிரும்.”

சுந்தரம்மாள் பாண்டியம்மாளைப் பார்த்தாள். நின்றபடியே கதவு நிலையில் சாய்ந்து ஒரு கணம் கண்மூடியிருந்தாள் பாண்டியம்மாள். அதை வார்டன் அன்றுதான் கவனித்தாள் போலிருக்கிறது.

“என் தங்கச்சி மக நர்ஸம்மா வேலைக்குப் படிச்சிட்டு வீட்டுலதான் இருக்கா,” என்றாள் மெதுவாக. “நாளைக்கே வரச் சொல்றேன்.”

“நாளைக்கி வரட்டும். விசிலப் பத்தி நாளைக்கிப் பேசுவோம்,” என்றார் வெள்ளைத்துரை.

இல்லத்துப் போனிலேயே நாகஜோதி வில்லாபுரத்துக்குப் பேசினாள். பத்மாசினி பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்துச் சொன்னாள்.

“நேத்து வேணாம்னீங்க. இன்னிக்கு வேணும்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது ஜோதி?”

நியாயமான கேள்விதான். “நேத்து அவுங்க பேச்சக் கேட்டுச் சொன்னேம்மா. இன்னைக்கு ஒரு ரவிக்கையையும் ஒரு முதுகையும் பாத்துச் சொல்றேன். என்னை நம்ப வேணாம். ஆஸ்பத்திரியில மட்டும் ஆபரேஷன் வேணாம்னு சொல்லிடாதீங்க, ஒரு நாள் டயம் கேளுங்க. நாளைக்கு அப்பாவோட வந்து நீங்களே பாருங்க.”

பத்மாசினி ஒரு கேள்வி மட்டும் மிச்சம் வைத்திருந்தாள். “எல்லாம் சரி. ‘பாணி’ன்னா அங்க ஒருத்தருக்காவது புரியுமா?”

நாகஜோதி தாழ்வாரத்தைப் பார்த்து அதே கேள்வியை உரக்கக் கேட்டாள். வெள்ளைத்துரை எழுந்து வந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் பின்வாசலிலிருந்து முன்வாசலுக்குக் கேட்கும் குரலில், சௌராஷ்டிரத்தில் என்னவோ இரண்டு வாக்கியம் முழங்கினார்.

போனிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முதலில் சன்னமாக, பிறகு அடக்கமாட்டாமல். நாகஜோதி இந்த ஒரு வாரத்தில் பத்மாசினி சிரித்துக் கேட்டதில்லை.

“என்ன சொன்னீங்க ஐயா?”

“‘உள்ள போங்க, உள்ள போங்க, பின்னால எடம் கெடக்கு’ன்னேன். பதினஞ்சு வருசம் கீழவாசல் ரூட்டும்மா, ஏறுறதுல பாதி சௌராஷ்டிரா சனம். அந்தப் பாஷையில எனக்கு அதுதான் சரளமா வரும்.” போனை அவளிடம் கொடுத்துவிட்டு, காதுப் பென்சிலைச் சரிசெய்தார். “தண்ணியும் தெரியும். வெயில் காலத்துல எத்தன பேரு கேட்டிருக்காக.”

நாகஜோதி போனைக் காதில் வைத்தாள். பத்மாசினி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் ஜோதி?”

திரும்பும் வழியில் பால்பாண்டி ஒன்றும் பேசவில்லை. தவசி கட்டிக்கொடுத்த இன்னும் நாலு வடை அதற்குக் காரணம். வெயில் சுள்ளென்று அடித்தது. நாகஜோதி பின்னால் உட்கார்ந்து குடையை விரித்தாள். எட்டுக் கம்பியும் நின்றன.

அலுவலகத்தில் மேஜைமேல் தினக்குறிப்பு நோட்டு திறந்தபடியே இருந்தது. காலையில் விட்ட இடத்தில் தொடர்ந்தாள்.

இரண்டாவது தவறு: விசிலைக் குக்கர் என்று எழுதியது. திருத்தப்பட்டது.

நாளை, 13.9.2002, வெள்ளி: காலை பத்து மணிக்கு ஜனகராஜ் ஐயாவையும் பத்மாசினி அம்மாவையும் வில்லாபுரத்திலிருந்து ஒத்தக்கடைக்கு அழைத்துப் போக வேண்டும். போகும் வழியில் கரும்பச்சை நூல்கண்டு ஒன்று வாங்க வேண்டும்.